உரிமம் அவள் பெயரில்

"பல் மருத்துவமனைன்னு வருது அண்ணி," என்றாள் நாத்தனார்.

"எங்கே வருது?"

"திரையில. லேப்டாப்பைத் திறந்ததும் 'வணக்கம், பல் மருத்துவமனை'ன்னு வருது."

"நம்ம வீட்ல யாருக்கும் பல்லுல ஒண்ணும் இல்லையே. அவர் என்ன சொல்றார்?"

அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லக் குரல் கிடையாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் தொண்டையில் கட்டி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவரிடமிருந்து கட்டியோடு குரல்வளையையும் எடுத்துக்கொண்டு அனுப்பினார்கள். அதற்கு முன்னால் இருபத்தொன்பது வருடம் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று ஊருக்கே சொன்ன குரல். அறுவைக்கு முந்தின வாரம் நாலு நாள் உட்கார வைத்து நானூற்றுப் பன்னிரண்டு வாக்கியங்களைப் பேசச் சொல்லிப் பதிவு செய்தார்கள். அதிலிருந்து ஒரு நிறுவனம் அவருக்குக் குரல் செய்து கொடுத்தது. அவர் இரண்டு விரலால் தட்டுவார். லேப்டாப் அவர் குரலிலேயே பேசும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் வித்தியாசம் தெரியாது.

அவர் மனைவி கண்ணை மூட வேண்டிய அவசியமும் இல்லை. சர்க்கரை அவள் பார்வையை எடுத்து ஏழு வருடம் ஆகிறது. அதுவரை ஓர் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். ஆக, அவர் எழுதுவது அவளுக்கு எட்டாது, அவள் கேட்கிற மாதிரிப் பேச அவரால் முடியாது. நடுவில் அந்தப் பெட்டி ஒன்றுதான். அது திங்கட்கிழமை உறைந்து போய் நின்றது. தெருமுனைக் கடையில் கொடுத்து வியாழக்கிழமை வாங்கி வந்திருந்தாள் நாத்தனார், அதாவது அவருடைய தங்கை.

"குரல் புரோகிராமைத் திற," என்றாள் மனைவி.

"திறந்தேன் அண்ணி. இந்த உரிமம் இந்தக் கணினிக்குச் செல்லாதுன்னு சொல்லுது."

மேஜையில் 'டொம்' என்று ஒரு சத்தம். அறிவிப்பாளரின் உள்ளங்கை.

"தட்டாதீங்க. பல் மருத்துவமனைல அப்படியெல்லாம் தட்டக் கூடாது," என்றாள் மனைவி.

*

கடைக்காரர் லேப்டாப்பைக் குப்புறப் போட்டுக் காட்டினார்.

"பாருங்க, கண்ணாடி மாதிரி துடைச்சுக் கொடுத்திருக்கேன். என்ன குறை?"

"குரல் வரலை."

"குரல் வேற விஷயம். மெஷின் எப்படி ஓடுது?"

"பல் மருத்துவமனை மாதிரி ஓடுது. அது ஏன் அப்படி?"

கடைக்காரர் பெருமையாகச் சிரித்தார். "பல் டாக்டரோட மெஷின்ல எல்லாம் சுத்தமா இருந்துச்சும்மா. ஒரு வைரஸ் கிடையாது. அதை அப்படியே நகல் எடுத்து வச்சிருக்கேன். யார் மெஷின் படுத்தாலும் பழசை அழிச்சுட்டு அந்த நகலைப் போட்டுடுவேன். இந்தத் தெருவுல எழுபது பேர் அதுலதான் ஓட்டறாங்க. ஒருத்தர் வாயைத் திறந்ததில்லை."

"எழுபது பேருக்கும் ஒரே உரிமமா?"

"ஒரே கிணத்துல எழுபது பேர் தண்ணி எடுக்கறதில்லையா?"

"அடியில ஒரு ஸ்டிக்கர் இருந்ததே, நீளமா நம்பர் போட்டு. அது எங்க மெஷினோட சொந்த உரிமம்."

"அழுக்கா இருந்துச்சு. ஸ்பிரிட் போட்டு எடுத்துட்டோம். எல்லா மெஷின்லயும் எடுத்துடுவோம். அந்த இடத்துல நம்ம கடை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு பாருங்க, எவ்வளவு அம்சமா இருக்கு."

நாத்தனாருக்கு ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை. ஒரு காற்புள்ளிக்காக மூன்று பக்கம் திரும்பிப் போகிறவள். அவள் கடை ஸ்டிக்கரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதிலும் ஒரு எழுத்து தப்பாக இருந்தது.

"குரல் புரோகிராமை என்ன பண்ணினீங்க?"

"உங்க நல்லதுக்குத்தான். நீங்க கொடுத்த சீட்டுல இருந்த நம்பரைப் போட்டு ஏத்திப் பாத்தேன். செல்லாதுன்னுச்சு. மறுபடி போட்டேன். செல்லாதுன்னுச்சு. மூணாவது தடவை போட்டேன், பூட்டிக்கிச்சு."

"முதல் தடவையே நிறுத்தியிருக்கலாமே."

"கதவு திறக்கலேன்னா நீங்க ரெண்டு தடவை தட்ட மாட்டீங்களா?"

"தட்டுவேன். கதவை உடைக்க மாட்டேன்."

"சரி, கோவப்படாதீங்க. ஒரு இலவசக் குரல் போட்டுத் தரேன். நம்ம பாஷைதான் பேசும். பொம்பளைக் குரல். அதனால என்ன, அர்த்தம் புரிஞ்சா சரிதானே."

போட்டுக் கொடுத்தார். வீட்டில் வைத்துத் திறந்தார்கள். அறிவிப்பாளர் ஒரு வரி தட்டினார். லேப்டாப் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் வரவேற்புரை வாசிக்கிற சிறுமி மாதிரி உற்சாகமாகச் சொன்னது: "எருமை மாடே, ஜன்னலை மூடு."

மனைவி சிரித்தாள். அவள் சிரித்து நாத்தனார் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. சிரிப்பு நிற்கவே இல்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அறிவிப்பாளர் அதற்குள் அந்தக் குரலைத் தேடி அழித்துவிட்டார். பிறகு பெரிய எழுத்தில் தட்டி, தங்கைக்குத் திரையைத் திருப்பிக் காட்டினார்.

"என்ன சொல்றார்?"

"ஊரான் குரல் வேண்டாமாம். தன் குரல் திரும்பி வர்ற வரைக்கும் காத்திருக்கிறாராம்."

"காத்திருக்கட்டும். பயணிகள் கவனத்திற்கு, பேச வேண்டியவர் வருவதில் தாமதம் ஏற்படும். இடையூறுக்கு வருந்துகிறோம்." மனைவி அதை அவர் பேசுகிற தோரணையிலேயே, கடைசிச் சொல்லை இழுத்துச் சொன்னாள்.

மேஜை 'டொம்' என்றது.

*

நாத்தனார் அச்சகத்தில் பத்து நாள் விடுப்பு வாங்கினாள். அவர் தட்டுவதை அவளே படித்துச் சொல்வது என்று ஏற்பாடு.

முதல் நாள் காலை திரையில் வந்த வாக்கியம்: 'செவிடும் ஆயிட்டாளா. எத்தனை தடவை தட்டறது. டீ எங்கேன்னு கேளு.'

"அண்ணி, டீ கிடைக்குமான்னு அண்ணன் கேக்கறார்."

மனைவி அடுப்படியிலிருந்து சுவரைத் தடவிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். "கிடைக்குமான்னா கேட்டார்?"

"ஆமா."

"அவரா?"

"கொஞ்சம் திருத்தினேன் அண்ணி."

"அச்சகத்துல இப்படித்தான் திருத்துவியா?"

"அங்கே எழுத்துப் பிழைதான். பொருள்ல கை வைக்க விட மாட்டாங்க."

"இங்கே தாராளமா வை," என்றாள் மனைவி. அவர் பக்கம் முகத்தைத் திருப்பி, "இதோ கொண்டு வரேங்க. கேட்டதுக்கு சந்தோஷம்," என்றாள்.

இப்படியே நடந்தது. 'முடியை வாரித் தொலையச் சொல்லு, பேய் மாதிரி இருக்கா' என்பது "காத்துல முடி கலைஞ்சிருக்குன்னு சொல்றார்" ஆனது. 'வாயை மூடச் சொல்லு' என்பது "கொஞ்சம் ஓய்வெடுத்துக்கோன்னு சொல்றார்" ஆனது. ஒவ்வொரு தடவையும் தன் வார்த்தை வேறாகிப் போவதை அவர் தம் காதாலேயே கேட்டார். முகம் சிவந்து மேஜையைத் தட்டுவார். மூச்சு கழுத்துத் துளை வழியாக 'உஸ் உஸ்' என்று வரும். தங்கையின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துத் திரையைக் காட்டுவார்.

"இவ்வளவு மரியாதையாப் பேசிட்டு எதுக்குங்க தட்டறீங்க?" என்பாள் மனைவி. "கை வலிக்கப் போகுது."

மூன்றாம் நாளிலிருந்து அவள் திருத்தப்பட்ட அந்தக் கணவருக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தாள். அவர் சொன்னாராம் என்று தலையை வாரிக்கொண்டாள். அவர் விசாரித்தாராம் என்று முழங்கால் வலியைப் பற்றி விவரமாகச் சொன்னாள். அவர் எதிரில் உட்கார்ந்து, விரலால் மேஜையில் தாளம் போட்டுக்கொண்டு, சட்டையெல்லாம் மடித்து வைத்துவிட்டேன், தோட்டத்துக் குழாய் ஒழுகுகிறது என்று பேசிக்கொண்டே இருந்தாள். குறுக்கே யாரும் பேசவில்லை. அவர் எழுந்து போகப் பார்த்தால், "உக்காருங்க, நீங்கதானே கேட்டீங்க," என்பாள். அவர் உட்காருவார். போவதற்கு அவருக்கும் வேறு இடம் இருக்கவில்லை.

ஐந்தாம் நாள் பாத்திரம் கழுவும்போது மனைவி கேட்டாள். "இன்னிக்குக் காலையில நிஜமா என்ன எழுதினார்? ஒண்ணு விடாம சொல்லு."

"விடுங்க அண்ணி."

"சொல்லு. நான் என்ன கண்ணாடிச் சாமானா?"

நாத்தனார் குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில் சொன்னாள். "கண்ணுதான் போச்சுன்னு நினைச்சேன், மூளையும் போச்சான்னு எழுதினார்."

"குழாயை மூடு, தண்ணி வீணாகுது. அதை முழுசாவா தட்டினார்?"

"ஆமா."

"அது ஒன்பதாம் பொத்தான்."

"என்ன பொத்தான்?"

"அடிக்கடி சொல்றதைப் பொத்தான்ல போட்டு வச்சுக்கலாம். ஒரு தடவை அமுக்கினா முழு வாக்கியமும் வரும். தண்ணி வேணும், வலிக்குது, டாக்டரைக் கூப்பிடு, இதுக்கெல்லாம்னு அந்த நிறுவனத்துல வந்து சொல்லிக் கொடுத்தாங்க. உங்கண்ணன் ஒன்பதுல இதைப் போட்டு வச்சார். ஒரு நாளைக்கு நாலு தடவையாவது அமுக்குவார். கடையில எல்லாத்தையும் அழிச்சதுல பொத்தானும் போயிருக்கும். முழுசாத் தட்ட எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ஒரு நிமிஷம் இருக்கும்."

"பாவம். விரல் வலிச்சிருக்கும்."

நாத்தனார் ஒரு தட்டைத் துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள். "சின்ன வயசுல அண்ணன் இப்படி இல்லை அண்ணி."

"சின்ன வயசுல யாரும் இப்படி இல்லை. குரல் பதிவு பண்ணாங்க பார், அந்த நாலு நாளும் பக்கத்துல நான்தான் உக்காந்திருந்தேன். வாக்கியமெல்லாம் அவங்க எழுதிக் கொடுத்தது. 'நன்றி.' 'நீ சாப்பிட்டாயா.' 'மன்னித்துவிடு, தவறு என்னுடையது.' 'உன் கை ஏன் இவ்வளவு குளிர்ந்திருக்கிறது.' எல்லாத்தையும் எவ்வளவு அழகாச் சொன்னார் தெரியுமா. கல்யாணமான நாளா நான் அவர் வாயால அதையெல்லாம் கேட்டதில்லை. அதையும் மைக்குக்குத்தான் சொன்னார். அப்புறம் ரெண்டு வருஷமா அந்தக் குரல் அவர் கையில இருந்தது. ஒரு 'நன்றி'க்கு மூணு எழுத்து. தட்டினதில்லை."

"இப்போ குரல் திரும்பி வந்தா மாறுவார்."

"ஆமா, கடைக்காரர் மூணாவது தடவை போட்டுப் பாத்த மாதிரி," என்றாள் மனைவி.

*

நாத்தனார் கடைக்காரரை விடவில்லை. லேப்டாப்பை ஓட்டுகிற மென்பொருளை முறையான உரிமத்தோடு போட்டுத் தராவிட்டால் அந்த எழுபது வீட்டுக்கும் போய், உங்கள் மெஷினெல்லாம் பல் டாக்டருடையது என்று சொல்லுவேன் என்றாள். கடைக்காரர் மறுநாளே சுத்தமான ஒன்றை வாங்கிப் போட்டுக் கொடுத்தார். கொடுக்கும்போது, "படிச்சவங்களோட இதுதான் தொல்லை," என்றார்.

குரல் மட்டும் பூட்டிக்கிடந்தது. நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. போலி உரிமத்தில் ஓடும் கணினியிலிருந்து மூன்று முறை முயற்சி நடந்திருப்பதாலும், இது ஒரு மனிதரின் குரல் என்பதாலும், அதை வேறு யாரும் எடுத்துப் பேசிவிடக் கூடாது என்பதாலும், உரிமதாரர் பத்து நாளுக்குள் தாமே தொலைபேசியில் பேசித் தம் விருப்பத்தைத் தெரிவிக்க வேண்டும்.

"உரிமதாரர்னா அண்ணன்தானே? அவர் எப்படிப் பேசுவார்?"

"அவர் இல்லை. நான்," என்றாள் மனைவி. "ஆபரேஷன் அன்னிக்கு அவர் மயக்கத்துல இருந்தார். கையெழுத்து கேட்டாங்க. நான் வச்சேன். உரிமம் என் பேர்லதான் இருக்கு."

பேச வேண்டிய நாள் காலையில் அறிவிப்பாளர் சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு, கழுத்துத் துளைக்குப் புதுத் துணி கட்டிக்கொண்டு போன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். லேப்டாப்பைத் திறந்து முன்னால் வைத்துக்கொண்டார். ஒன்று என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை என்று தட்டுகிற வழக்கத்தை நாத்தனார் அந்த வாரத்தில் ஏற்படுத்தியிருந்தாள். தயாரா என்று கேட்டாள். அவர் ஒருமுறை தட்டினார்.

மனைவி போனை எடுத்து, எண்களைத் தடவாமலே அமுக்கி, ஒலிபெருக்கியில் போட்டாள். பழகின கை.

"வணக்கம். உரிமதாரர் பேசறீங்களா?" பெண் குரல். இளசு.

"பேசறேன்."

"பதிவாகியிருக்கும் குரல் யாருடையதும்மா?"

"என் வீட்டுக்காரருடையது."

"உறுதி செய்யறதுக்கு அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசலாமா?"

"அவரால பேச முடிஞ்சா நான் எதுக்கும்மா உங்களுக்குப் போன் பண்றேன்?"

"மன்னிக்கணும்மா. கேள்வி வரிசையில இருக்கு, கேட்டாகணும்."

"கேளுங்க கேளுங்க. நானும் இந்த நாற்காலியில இருபத்தாறு வருஷம் இருந்தவதான்."

விசைப்பலகை சடசடத்தது. நாத்தனார் குனிந்து பார்த்தாள். 'அரட்டை போதும். சீக்கிரம் முடி சனியனே.'

"நிதானமாப் பேசச் சொல்றார் அண்ணி," என்றாள்.

"நிதானமாத்தான் பேசறேன்," என்றாள் மனைவி.

போன் பெண் தொடர்ந்தாள். "உங்க முன்னால ரெண்டு வழி இருக்கும்மா. உரிமத்தை மறுபடி தொடங்கலாம், அல்லது ரத்து செய்யலாம். சட்டப்படி ரெண்டையும் நான் சொல்லணும். உங்க விருப்பத்தை உங்க வாயால சொன்னாப் போதும்."

மனைவி போன் கம்பியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"ரத்துன்னா என்ன ஆகும்மா?"

நாத்தனார் நிமிர்ந்தாள். "அண்ணி."

"தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்."

"ரத்து செஞ்சா அந்தக் குரல் எங்ககிட்ட இருந்தும் அழிஞ்சிடும்மா. பதிவு செஞ்ச வாக்கியங்களும் அழிஞ்சிடும். மறுபடி வேணும்னா அவர் மறுபடி பேசிப் பதிவு செய்யணும்."

"நானூற்றுப் பன்னிரண்டையும்?"

"ஆமாம்மா."

"அவருக்குக் குரல்வளை இல்லையே."

"அப்போ முடியாதும்மா."

அறையில் அவருடைய மூச்சு மட்டும் கேட்டது. 'உஸ்.' பிறகு விசைப்பலகை. வழக்கமான வேகம் இல்லை. ஒரு எழுத்து, இடைவெளி, ஒரு எழுத்து. தப்பாகத் தட்டி அழித்து மறுபடி தட்டினார்.

"என்ன சொல்றார்?" என்றாள் மனைவி.

நாத்தனார் படித்தாள். அச்சகத்தில் மூலப்படியை உரக்க வாசிப்பது போல், ஏற்ற இறக்கமில்லாமல் படித்தாள். "வேண்டாம்னு சொல்லிடாதே. எனக்குப் பயமா இருக்கு. இனிமே அப்படிப் பேச மாட்டேன். நீ சொல்றபடி இருக்கேன்."

"இது நீ திருத்தினதா?"

"ஒரு எழுத்து மாத்தலை அண்ணி."

"சத்தியமா?"

"அவரையே கேளுங்க."

மனைவி முகத்தைத் திருப்பினாள். அவர் இருக்கிற இடம் அவளுக்கு அங்குலம் பிசகாமல் தெரியும். "இது நீங்க எழுதினதாங்க?"

ஒருமுறை தட்டினார். மெதுவாக.

"அப்படியே?"

ஒருமுறை.

மனைவி கையை நீட்டித் துழாவி அவர் கையைப் பிடித்தாள். விசைப்பலகையின் மேல் இருந்த கை. தடவிக் கொடுத்தாள். அவர் தலை குனிந்து அந்தக் கையையே பார்த்தார். நாத்தனார் மூச்சு விட்டாள்.

"பாருங்க," என்றாள் மனைவி, "குரல் இல்லாம இருந்தா எவ்வளவு நல்லாப் பேசறீங்க."

பிறகு போன் பக்கம் திரும்பினாள். "ரத்து பண்ணிடுங்கம்மா."

மேஜையில் இரண்டு தட்டு. மறுபடி இரண்டு. மறுபடி இரண்டு. அவள் பிடித்திருந்த கையை உருவிக்கொண்டு இரண்டு கையாலும் தட்டினார். இரண்டு, இரண்டு, இரண்டு.

"அங்கே என்னம்மா சத்தம்?"

"வீட்ல சின்ன வேலை நடக்குது."

"உறுதியாத்தான் சொல்றீங்களா? இதைத் திரும்பப் பெற முடியாது."

"அண்ணி, அது அவரோட குரல்," என்றாள் நாத்தனார்.

"முப்பத்தொரு வருஷமா கேட்டது என் காது," என்றாள் மனைவி அவளிடம். போனில், "உறுதியாத்தான் சொல்றேன். ரத்து," என்றாள்.

விசை தட்டுகிற சத்தம் மறுமுனையில் கேட்டது. அங்கே சத்தம் லேசாக இருந்தது, பழகின விரல்கள்.

"ஆயிடுச்சும்மா. இன்றைய சேவைக்கு ஒன்றிலிருந்து ஐந்துக்குள் எத்தனை மதிப்பெண் தருவீங்க?"

"நல்லாப் பேசினே கண்ணு. வார்த்தை தெளிவா இருக்கு. அஞ்சு போட்டுக்கோ," என்று சொல்லி மனைவி போனை வைத்தாள்.

தட்டுகிற சத்தமும் நின்றிருந்தது. நாத்தனார் எழுந்து கைப்பையை எடுத்துத் தோளில் போட்டாள். விடுப்பில் இன்னும் இரண்டு நாள் இருந்தது.

"எங்கே கிளம்பிட்டே? உக்காரு. என்ன சொல்றார் பார்."

"ஒண்ணும் சொல்லலை."

"படிக்காம சொல்லாதே."

"ஒண்ணும் எழுதலை அண்ணி. மூடி வச்சுட்டார். கை ரெண்டும் மடியில இருக்கு."

"எழுதுவார். இப்போதான் நல்லா எழுத வந்திருக்கு," என்றாள் மனைவி. நாற்காலியை அவர் எதிரில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். முழங்காலில் கையை வைத்து, காதைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

தெருக்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. படிக்க ஆள் போய்விட்டது என்பதை அவள் அதற்கப்புறம்தான் யோசித்தாள்.

"சரி, நானே பேசறேன்," என்றாள். "எங்கே விட்டேன், தோட்டத்துக் குழாய்."